ஆயுத பூஜைக்கு அணைத்த பெட்டி

பள்ளியில் நான் படித்தது கொஞ்சம். அதன்பின் பார்த்த வேலைகளும் தங்கிய ஊர்களும்தான் அதிகம். ஆனால் கருவுக்குள் நரம்பு எப்படி வழி கண்டுபிடிக்கிறது என்று கேட்டால் சொல்லிவிடுவேன். அம்மா ஒருமுறை சுவிட்சை அணைத்ததால் தெரிந்துகொண்டது அது.

அப்போது பொம்மனஹள்ளியில் குடியிருந்தோம். அம்மா ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் துப்புரவு வேலை பார்த்தாள். அங்கே ஆராய்ச்சி செய்த மேடம் கன்னடக்காரர். தமிழ் நன்றாகப் பேசுவார். கோழிமுட்டை ஓட்டில் சின்னதாகச் சன்னல் வெட்டி, கருவின் தண்டுவடத்தில் ஒரு துண்டைத் தலைகீழாகத் திருப்பி வைத்து, டேப் ஒட்டி இன்குபேட்டரில் அடைவைப்பார். இடம் மாறிப்போன நரம்பு தன் தசையைத் தேடிப் போகுமா என்பது அவர் கேள்வி.

ஆயுத பூஜையன்று பொரிகடலைக்கு ஆசைப்பட்டு நானும் போனேன். அம்மா கருவிகளையெல்லாம் துடைத்து, குங்குமம் வைத்து, சாமந்தி சாத்தினாள். பூஜை போட்ட பொருள் ஓய்வெடுக்க வேண்டும் என்பது அவள் கணக்கு. ஒவ்வொரு சுவிட்சாக அணைத்தாள், இன்குபேட்டர் உட்பட.

பூசணிக்காய் உடைத்து முடிந்தபின் மேடம் வந்து அந்தப் பெட்டியைத் தொட்டார். சில்லென்றிருந்தது.

"யாரு ஆஃப் பண்ணது?"

சூப்பர்வைசர் காதுக்குப் போனால் வேலை போய்விடும். ஆனாலும் அம்மா மறைக்கவில்லை. "நான்தான் மேடம். இன்னிக்கு ஒருநாள் அதுக்கும் ரெஸ்ட்டுன்னு..."

"அதுக்கு ரெஸ்ட்டு குடுத்தா எனக்குப் பர்மனென்ட் ரெஸ்ட்டுதான் அக்கா!"

கத்துவார் என்று பயந்தேன். அவரோ பெட்டியை இயக்கிவிட்டு, ஒரு முட்டையின் டேப்பை விலக்கி உருப்பெருக்கியில் வைத்தார். இதயம் சிவப்புப் புள்ளியாக, எப்போதோ ஒருமுறை அசைந்தது. சூடு ஏறினால் பிழைக்கலாம் என்றார். வீட்டுக்குப் போகச் சொல்லியும் அம்மா அசையவில்லை. பெட்டியின் முன் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டாள். மேடமும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

நரம்புக்கு யார் வழி சொல்வது என்று கேட்டேன்.

"யாரும் சொல்லமாட்டாங்க பாப்பா. நுனியில கை மாதிரி ஒண்ணு இருக்கு. தடவித் தடவிப் போகும். சில இடம் வா வான்னு இழுக்கும், சில இடம் போ போன்னு தள்ளும்."

"தள்ளினா அழுதுட்டு நின்னுடுமா?"

"நிக்காது. சுருங்கும், திரும்பும், மறுபடி கையை நீட்டும்."

"எங்க வீட்டுல ஒண்ணு இருக்கு, அதே மாதிரி" என்று அம்மா என்னைப் பார்த்துச் சொன்னாள். அன்று அவள் சிரித்தது அந்த ஒருமுறைதான்.

சாயங்காலம் மேடம் மறுபடி பார்த்தார். புள்ளி படபடவென்று துடித்தது. சூப்பர்வைசரிடம் சொல்லமாட்டேன் என்று அம்மாவின் தோளைத் தட்டினார். நரம்புகள் எங்கே போயிருக்கின்றன என்று நாளைக்கே பார்த்துவிடுவதாகவும் சொன்னார்.

நாங்கள் காப்பாற்றிய குஞ்சுகளுக்குப் பஸ்ஸில் ஒவ்வொன்றாகப் பெயர் வைத்துக்கொண்டு வந்தேன். நரம்பைப் பார்ப்பதென்றால் கருவை வெளியே எடுத்து அறுத்துப் பார்ப்பது என்று எனக்குத் தெரியாது. மறுநாள் அந்த அறையின் கழிவுப் பையைக் கட்டித் தூக்கப்போகிற அம்மாவுக்குத் தெரியும். ஒவ்வொரு பெயருக்கும் அவள் 'ம்' என்று மட்டும் சொன்னாள். அவளுக்குத் தூக்கம் வருகிறது என்று நினைத்தேன்.