செல்லாயி வளர்த்த கௌதாரி

செல்லாயியை நான் ஏமாற்றினேன். வெள்ளைக்காரர் ஆண்ட காலம். வெண்ணந்தூர்ப் பக்கம் வாத்தியாராக இருந்தேன். அவளுடைய கடலைக்காட்டில் தாய்ப்பறவையைக் கீரி தின்றுவிட, தனித்து நின்ற கௌதாரிக் குஞ்சைக் கரையான் ஊட்டி வளர்த்தாள்.

"நான் உட்டா என் காலுக்கே திரும்பி வருதுங்க. நீங்க அதோட இனத்துல சேர்த்துருங்க, வாத்தியாரய்யா" என்று நம்பிக் கொடுத்தாள்.

நான் அதைக் கூண்டில் வைத்து, சுற்றிலும் கண்ணி விரித்தேன். அதன் குரலுக்கு ஓடிவந்த கௌதாரிகளையெல்லாம் பிடித்து விருந்தாளிகளுக்குக் கறியாக்கினேன்.

செல்லாயிக்குத் தெரிந்துவிட்டது. பறவையைக் கொண்டுபோய் மன்னிப்புக் கேட்டேன். அவள் கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, இது கூப்பிட்டாப் பதில் சொல்ல ஒண்ணையாச்சும் உட்டு வெச்சீங்களா?"

அவள் காட்டிலேயே அதைத் திறந்துவிட்டேன். வேலியோரம் நின்று வெகுநேரம் கூப்பிட்டது. எங்கிருந்தும் பதில் வரவில்லை.