செல்வத்தின் நீலச் சட்டை

போன ஞாயிற்றுக்கிழமை காலை, கையில் டேப்லெட்டுடன் ஒரு கல்லூரிப் பெண் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினாள். ஏதோ ஆய்வாம். "அங்கிள், உங்க ஏரியாவுல எல்லாரையும் சமமா நடத்துறாங்களா? ஒண்ணுலேர்ந்து அஞ்சுக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க" என்றாள். யோசிக்காமல் "அஞ்சு" என்றேன். "இங்க இருக்கிறதுல பெருமையா இருக்கா?" அதற்கும் அஞ்சு. நான் எப்போதும் அள்ளிப் போடுகிற ஆள். கேட்டவர் மனம் நோகக் கூடாது பாருங்கள். அவள் படியிறங்கும்போது மாடி வீட்டில் கடுகெண்ணெய் காய்கிற வாசம் வந்தது. கூப்பிட்டு இரண்டையும் மாற்றச் சொல்லலாமா என்று நினைப்பதற்குள் எதிர்வீட்டு மணியை அழுத்திவிட்டாள்.

கடுகெண்ணெய் என்றால் எனக்கு பிகாஷ்தான். ஒடிசாக்காரன். என் கல்யாணத்துக்கு முன், ஒரகடம் பக்கம் சேரப்பணஞ்சேரியில் கன்னியம்மா அக்கா வீட்டுப் பின்கட்டு அறையில் நாங்கள் ஆறு பேர் வாடகைக்கு இருந்தோம். நான் சாத்தூர்ப் பக்கம், மற்ற நாலு பேர் அருப்புக்கோட்டை, சங்கரன்கோவில் என்று தெற்கத்தி ஆட்கள், ஆறாவது பிகாஷ். எல்லோரும் ஒரகடத்தில் ஒரே கம்பெனியில் கான்ட்ராக்ட். நானும் பிகாஷும் ஒரே லைன், பக்கத்துப் பக்கத்து இடம். அவன் போல்ட்டை மாட்டுவான், நான் முறுக்குவேன்.

அந்தத் தெருவில் குறை இல்லாத ஆளே கிடையாது. கன்னியம்மா அக்காவுக்கு எங்கள்மேல் குறை. "எங்க நெலத்துல கம்பெனி நிக்குது, எங்க புள்ள அதுக்கு வாசல்ல வாட்ச்மேனா நிக்கிறான். எங்கிருந்தோ வந்தவன்லாம் உள்ள கீறான்" என்று துணி உலர்த்தும்போதெல்லாம் எங்கள் காதுபடச் சொல்வார். எங்களுக்கு நீலச் சட்டைக்காரர்கள்மேல் குறை. பெர்மனென்ட் ஆட்களுக்கு நீலம், கான்ட்ராக்டுக்குச் சாம்பல். நீலத்துக்கு ஏசி பஸ், சாம்பலுக்குக் கதவு சாத்தாத வேன். எதிர்வீட்டில் இருந்த செல்வம் நீலம். அவருக்கு இன்ஜினியர்கள் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவது குறை. அறைக்குள் நாங்கள் ஐந்து பேரும் யாரைக் குறை சொல்வது? பிகாஷ் சமைக்கிற கடுகெண்ணெய் நாற்றத்தைச் சொன்னோம். எங்களுக்கும் கீழே ஒருவன் வேண்டுமில்லையா.

அந்தச் சமயத்தில்தான் எனக்குப் பெண் பார்த்தார்கள். பையன் பெர்மனென்ட் என்று தரகர் அளந்துவிட்டிருந்தார். நான் மறுக்கவில்லை. சீக்கிரம் ஆகிவிடும் என்று எனக்கே ஒரு நம்பிக்கை. இன்னும் நடக்காததை நடந்ததாகச் சொன்னால் அது பொய்யாகுமா என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். ஒரு நாள் போன் வந்தது. பெண்ணின் தாய்மாமன் ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து இடத்தைப் பார்க்கப் போகிறாராம்.

அறை முழுக்க என்னுடையது என்று காட்ட மற்ற நாலு பேரைச் சினிமாவுக்கு அனுப்பினேன். அவர்கள் பாயும் பெட்டியும் கன்னியம்மா அக்காவின் விறகுக் கொட்டகைக்குப் போயின. செல்வத்திடம் கெஞ்சி ஒரு நீலச் சட்டை வாங்கினேன். போட்ட பிறகுதான் பார்த்தேன், பையின்மேல் 'செல்வம்' என்று நூலால் தைத்திருந்தது. கைக்குட்டையை மடித்துப் பைக்குள் சொருகி, பாதியை வெளியே தொங்கவிட்டு அந்தப் பெயரை மறைத்தேன். சர்க்கஸில் ஏதோ வித்தை காட்டப் போகிறவன் மாதிரி இருந்திருப்பேன்.

பிகாஷுக்குச் சினிமா பிடிக்காது, போகவில்லை. "யாராவது கேட்டா, நீ இங்க சமையல் வேலைனு சொல்லிரு" என்றேன். அவன் "சரி அண்ணா" என்றான்.

மாமன் வந்தார். வெள்ளை வேட்டி, கனமான மீசை. அறையைச் சுற்றிப் பார்த்துத் தலையாட்டினார். பிகாஷ் டீ கொண்டுவந்தான்.

"இது யாருப்பா?"

"சமையலுக்கு வச்சிருக்கேன் மாமா."

"ஏலேய், இம்புட்டுச் சீனி போடலாமா? இன்னொண்ணு போட்டுட்டு வாடா" என்று அவனிடம் டம்ளரை நீட்டினார். பிகாஷ் வாங்கிக்கொண்டு போனான். அவன் கழுத்து சிவந்திருந்தது. நான் கைக்குட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

அந்நேரம் பார்த்துக் கன்னியம்மா அக்கா வாசலில் வந்து நின்றார். எவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருந்தாரோ.

"இன்னா பெரிவரே, யாரப் பார்த்து 'டா'ங்கற? அவனும் இவனும் ஒரே லைன்ல வேல செய்றவனுங்க. ரெண்டு பேருமே கான்ட்ராக்ட்டு."

"அக்கா..." என்றேன்.

"நீ சும்மா இரு தம்பி. இரவல் சட்ட போட்டுக்கினு ஒனக்கு இன்னா பேச்சு? எங்க தெருப் பசங்க ஒழைச்சுத் துன்றவனுங்க. கான்ட்ராக்ட்டுனு சொல்லிக்க இன்னா வெக்கம்? புடிச்சா பொண்ணக் குடு, இல்லாட்டி போய்க்கினே இரு."

எங்களை எங்கிருந்தோ வந்தவர்கள் என்று திட்டிய வாய் முதல்முறையாக 'எங்க தெருப் பசங்க' என்றது. அதிலும் பிகாஷை முன்னால் வைத்து. மாமன் இரண்டாவது டீக்குக் காத்திருக்கவில்லை. சம்பந்தம் அத்தோடு முறிந்தது. பிற்பாடு என்னைக் கட்டிக்கொண்ட மகராசி இந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம், அந்தப் பெண் தப்பித்தாள் என்று சொல்லத் தவறுவதில்லை.

சாயங்காலம் பிகாஷின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மன்னிப்பு கேட்கத்தான் போனேன். அதற்குள் அவனே போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினான். பஸ் ஸ்டாப்பில் அவன் நிமிர்ந்து நிற்கிறான். பக்கத்தில் நான், அவனுடைய சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு. அவன் ஷூ லேஸ் கட்டியபோது வாங்கி வைத்திருந்த பை அது.

"அண்ணா, இத ஊருக்கு அனுப்பிகீறேன். நீ என் ஹெல்பர்னு சொல்லிகீறேன்" என்றான். கன்னியம்மா அக்காவிடம் கற்ற தமிழ்.

சிரித்திருக்க வேண்டும். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கோபம் வந்தது. ஹெல்பரா? நானா? லைனில் அவனைவிட நாலு மாதம் சீனியர்! அந்தக் கோபத்தில் மன்னிப்பு கேட்காமலே எழுந்து போய்விட்டேன். மறுநாள் காலை வேனில் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தான். உட்கார்ந்தேன். அதோடு முடிந்தது என்று நானாக வைத்துக்கொண்டேன். சில மாதங்களில் கான்ட்ராக்ட் முடிந்து அவன் குஜராத்துக்குப் போனான். கொஞ்ச நாளில் அவன் நம்பரும் மாறிவிட்டது.

சென்ற மாதம் படப்பைக்குப் போன வேலை முடிந்ததும், பக்கத்தில் சேரப்பணஞ்சேரியில் அந்தப் பழைய தெருவுக்குப் போனேன். வீடு, கொட்டகை, எதிர்வீடு என்று வரிசையாக ஒன்றையும் காணோம். தெரு நீளத்துக்கும் ஒரு தகரச் சுவர், உள்ளே கார் பாகங்கள் அடுக்கும் குடோன். கன்னியம்மா அக்கா மகள் வீட்டோடு போய்விட்டதாகக் கடைக்காரர் சொன்னார். எந்த ஊர் என்று அவருக்குத் தெரியவில்லை. நான் கேட் அருகே நின்று எட்டிப் பார்ப்பதைக் கண்டு காவலாளி வந்தார்.

"யார் சார் வேணும்?"

"இந்தத் தெருவுல முன்னாடி குடியிருந்தேன்" என்றேன்.

அவர் என்னையும் சுவரையும் மாறிமாறிப் பார்த்தார். "எந்தத் தெரு சார்?" என்றார்.