கை மேலே, கண் கீழே

கிரேனின் பாதி ஏணியில் நின்று உச்சாணி தன் முழங்காலைத் திட்டிக்கொண்டிருக்கிறார். "சனியனே, ராத்திரி தைலம் தேய்ச்சுவிட்டேன்ல, இன்னும் என்ன பிகு பண்றே?" முழங்கால் சமாதானமாகிவிடுகிறது போல, மறுபடி ஏறுகிறார். தினமும் காலையில் இந்தப் பஞ்சாயத்து நடக்கும், அதே படியில்.

அரசு மருத்துவமனையை விரிவாக்கும் வேலையில் டவர் கிரேன் ஓட்டுகிறார். உச்சாணி என்பது ஆட்கள் வைத்த பெயர். காலையில் ஏறினால் சாயங்காலம்தான் மண்ணை மிதிப்பார். சாப்பாடு கயிறு கட்டிய பையில் மேலே போகும். "அவசரம்னா எங்கண்ணே போவீங்க?" என்று புதுசாக வந்த கொத்தனார் ஒருவர் கேட்டபோது, "மூடி போட்ட பாட்டில் இருக்கு. மூடி இறுக்கமா இருக்கணும்னு நீயும் சாமிய வேண்டிக்க" என்றாராம்.

கிரேன் உச்சியில் அவர் உட்காரும் கண்ணாடிக் கூண்டிலிருந்து பழைய மருத்துவமனை தீப்பெட்டி மாதிரி தெரியும். வராந்தாவில் போட்ட கட்டில்களில் தலைமாடு கால்மாடாக இருவர் இருவராகப் படுத்திருப்பார்கள். கட்டில் கிடைக்காதவர்களுக்குப் பாய். வாசலைத் தாண்டித் தெருமுனை வரை வரிசை. அதற்குப் பக்கத்திலேயே மாடிமேல் மாடியாகப் புதுக் கட்டடம் வளர்கிறது. அரசு ஒதுக்கிய தொகையை வாசலில் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். "இத்தனை சைபரை நான் என் பரீட்சைப் பேப்பர்லகூடப் பாத்ததில்ல" என்பார் உச்சாணி.

அரசு நிதி என்று செய்தியில் கேட்டால் அது காதோடு போய்விடும். அதே நிதி கம்பிக்கட்டாக, ஜன்னலாக, ஆபரேஷன் தியேட்டர் விளக்காக ஒவ்வொன்றாய் இவர் கொக்கியில் தொங்கிக்கொண்டு ஆகாயத்தில் போவதைப் பார்க்க வேண்டும். வரிசையில் நிற்கும் நோயாளிகள் அண்ணாந்து பார்த்தபடி நகர மறந்துவிடுகிறார்கள்.

கிரேனில் கைதான் இவருடையது. கண் கீழே நிற்பவருடையது. சுவருக்கு அந்தப் பக்கமும் கூரைக்கு உள்ளேயும் என்ன இருக்கிறது என்று மேலேயிருந்து தெரியாது. கீழே நிற்கும் சிக்னல்காரர் வாக்கி டாக்கியில் சொல்லச் சொல்ல இவர் நகர்த்துவார். அந்த சிக்னல்காரர் இவருடைய கூடப்பிறந்த தங்கையின் கணவர். 'தூக்கு', 'இறக்கு', 'நிறுத்து' தவிர இருவருக்கும் நடுவே ஒரு வருஷமாகப் பேச்சே கிடையாது.

போன மழைக்காலத்தில் தங்கை அடுப்படியில் சுருண்டு விழுந்தாள். இதே மருத்துவமனைக்குத்தான் தூக்கி வந்தார்கள். மூளையில் அடைப்பா, ரத்தக்கசிவா என்று ஸ்கேன் பார்த்தால்தான் மருந்து கொடுக்க முடியும். இங்கே ஸ்கேன் இல்லை. தலைநகருக்குக் கொண்டுபோங்கள் என்றார் டாக்டர். அப்போது வெளியூரில் வேலையிலிருந்த அண்ணன் உச்சாணி போனில், "இப்பவே கிளம்பு" என்று கத்தினார். மாப்பிள்ளை காத்திருப்போம், விடியட்டும் என்றார். ஏன் என்று பிறகு அவர் சொல்ல வந்தபோதெல்லாம் அண்ணன் எழுந்து போய்விட்டார். தங்கையின் உயிர் தப்பியது. வலது கையும் காலும் திரும்பவில்லை. பேச்சு பாதிதான் திரும்பியது. திரும்பிய பாதியில் வசவுக்குத்தான் முதலிடம்.

"வேற சிக்னல்காரனப் போட்டுடவா?" என்று சூப்பர்வைசர் ஒருநாள் கேட்டார்.

"போட்டா நான் ஏற மாட்டேன். அந்தாளு மூஞ்சிதான் எனக்குப் பிடிக்காது. அந்தக் கண்ணு வேற எவனுக்கும் கிடையாது."

பெரிய ஸ்கேன் இயந்திரம் வந்த அன்று மருத்துவமனையே வெளியே வந்து நின்றது. நீளமான லாரியில், தார்ப்பாய் சுற்றி, ஓர் அறையளவு உயரத்தில் உட்கார்ந்திருந்தது. எந்தக் கதவிலும் நுழையாது. கிரேன் ஓரத்தில் கட்டிய ஸ்கேன் பிரிவின் கூரையில் அதற்கென்றே ஒரு திறப்பு விட்டிருந்தார்கள். அதன் வழியாக இறக்க வேண்டும். பக்கத்துக்கு இரண்டு விரல் இடைவெளி. காற்று கூடிவிட்டால் லாரி வந்த வழியே திரும்பிப் போகும், கூரையை மூடிவிடுவார்கள், இந்த மழைக்காலமும் ஸ்கேன் இல்லாமலே கழியும். யார் வீட்டு அடுப்படியில் யார் விழுவார்களோ என்று மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் ஒரே நினைப்பு.

தொட்டிலில் தூங்கும் குழந்தையைத் தூக்குவது மாதிரி தூக்கினார் உச்சாணி. அவ்வளவு பெரிய பாரம், ஓர் ஆட்டம் இல்லை. மாப்பிள்ளை கூரைத் திறப்பின் விளிம்பில் குப்புறப் படுத்து உள்ளே பார்த்தபடி இருந்தார். பாரம் அவர் தலைக்குக் கையெட்டும் தூரத்தில் நெருங்கியபோது காற்று வந்தது. தார்ப்பாய் படபடவென்று அடித்துக்கொண்டது. பாரம் மெதுவாகத் திரும்பத் தொடங்கியது.

"லாரிக்கே கொண்டாந்துடுய்யா" என்று சூப்பர்வைசர் வாக்கியில் பதறினார்.

"வேணாம். இப்ப நகத்தினா சுத்தும்" என்றார் மாப்பிள்ளை. "அப்படியே நிக்கட்டும். காத்திருப்போம்."

காத்திருப்போம். போன வருஷமும் இதே வாய் சொன்ன சொல். உச்சாணியின் கை நெம்புகோலில் இருந்தது. அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். காத்திருந்தார்.

படபடப்பு குறைந்தது. தார்ப்பாய் ஒருமுறை உப்பி, அடங்கியது.

"இப்ப. இறக்கு. ஒரு நூல் வலது. இறக்கு. இன்னும். மெல்ல..." கொக்கிக் கயிறு தொய்ந்தது. "உக்காந்துடுச்சு."

வரிசை கைதட்டியது. குளுக்கோஸ் பாட்டிலைத் தூக்கிப் பிடித்திருந்த ஒருவர், மறு கையால் தொடையில் தட்டினார். கைப்பயிற்சிக்கு வந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்த தங்கையிடம், "அவங்க உங்க ஆளுங்களாக்கா?" என்று கேட்டாள் நர்ஸ். ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து அவள் சொன்னாள்: "ரெண்டு எருமையும்... என்னுதுதான்."

கொக்கி கழன்று மேலே வந்துவிட்டது. ஆட்கள் உள்ளே ஓடினார்கள். மாப்பிள்ளை மட்டும் கூரையில், திறப்பின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். ஹெல்மெட்டைக் கழற்றி வைத்திருந்தார். வாக்கியின் பொத்தானை அழுத்திய விரலை எடுக்க மறந்திருந்தார். மேலே கூண்டுக்குள் அவர் மூச்சு கேட்டது. பிறகு குரல். உள்ளே உட்கார்ந்திருக்கும் இயந்திரத்திடம்தான் பேசிக்கொண்டிருந்தார்.

"போன மழைக்கே வந்திருக்கக் கூடாதா நீ... ரோட்டுல எல்லாம் வெள்ளம். வண்டியிலயே போயிடுவாளோன்னுதானே பயந்தேன். வேற என்ன... பயந்துட்டேன், அவ்வளவுதான்."

உச்சாணி வாயைத் திறந்தார். அந்தப் பொத்தான் அழுந்தியிருக்கும்வரை மேலேயிருந்து ஒரு சொல்லும் கீழே போகாது. கூரை வெயிலில் தகித்துக்கொண்டிருந்தது. குனிந்த அந்த வெறுந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். நெம்புகோலில் கை வைத்தார். வெறுங்கொக்கியோடு கிரேன் மெதுவாகத் திரும்பியது. அதன் வால்பக்கத்தில் எடைக்காகக் கட்டிய கான்கிரீட் பாளங்களின் நிழல் மண்ணில் ஊர்ந்து, சுவரில் ஏறி, கூரையைக் கடந்து மாப்பிள்ளையின் தலைமேல் வந்ததும், பிரேக்கைப் போட்டார்.