பாதை வராத நாள்

கனடாவில், ஸ்காபரோவில் பனி கொட்டும் காலைகளில் எழுந்தவுடன் வானொலியைப் போட்டுவிடுவேன். எந்தப் பள்ளிக்கூடம் பூட்டு, எந்தத் தடத்தில் பஸ் ஓடாது என்று ஒவ்வொன்றாக வாசித்துவிட்டு, வெளியே போகாதீர்கள் என்று சொல்வார்கள். ஊரில் வானொலி இப்படிச் சொன்னால் அது ஊரடங்கு. இங்கே வெறும் காலநிலை. ஆனாலும் நான் வேலை செய்யும் மட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் பெயர் அந்தப் பட்டியலில் ஒருநாளும் வந்ததில்லை. வர முடியாதவர் வேலை தொடங்க ஒரு மணித்தியாலம் முன்பே போன் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் 'நோ ஷோ'. மூன்று நோ ஷோ சேர்ந்தால் வேலை போய்விடும்.

போன தை மாதத்துப் பெரும்பனியன்று முழங்கால் புதையப் புதைய நடந்து போனேன். என் பகுதியில் இருபது பேருக்கு ஏழு பேர்தான் வந்திருந்தார்கள். வரவு எழுதுவது என் பொறுப்பு. போன் செய்யாத எல்லோருக்கும் நோ ஷோ போடச் சொன்னார் சூப்பவைசர் டோனி. அவர்களில் ஒருத்தி டிகிஸ்ட், எத்தியோப்பியாக்காரி. ஏற்கெனவே இரண்டு வாங்கியிருந்தவள். அவளுடைய பெயருக்கு நேரே பேனாவை வைத்தேன், கை ஓடவில்லை.

மன்னாரிலும் எனக்கு இதே வேலைதான். மன்னார்த் தீவில் ஒரு இறால் பதனிடும் கம்பனியில் கிளாக்கராக இருந்தேன். பெருநிலப்பக்கத்து விடத்தல்தீவிலிருந்து பஸ்ஸில் வந்து இறால் உரித்த மெற்றில்டா ஒருநாளும் பிந்தியதில்லை. கணவரைக் கடலில் நேவி சுட்ட பிறகு மூன்று பிள்ளைகளையும் அந்த வேலையாலேயே வளர்த்தாள். ஒருமுறை கண்ணிவெடி வெடித்து ஆமி பாதையைப் பூட்டியது. மூன்று நாள் சொல்லாமல் வேலைக்கு வராவிட்டால் பெயரை வெட்டுவது கம்பனிச் சட்டம். நாலாம் நாள் வெட்டினேன். பதினோராம் நாள், பாதை திறந்த அன்றே, பாதை பூட்டியிருந்ததென்று பங்குச் சுவாமியார் எழுதிய கடிதத்தோடு வந்து நின்றாள். அவளுடைய இடத்தில் வேறொருத்தி இருந்தாள்.

"பாதை திறந்த உடனே வந்தனான் ஐயா. பாதை இல்லாமல் எப்பிடி வாறது?"

"எனக்கு விளங்குது மெற்றில்டா. சட்டம் அப்பிடி."

"ஓம். நீங்கள் என்ன செய்வியள்," என்றாள். அவளிடம் கோபமே இருக்கவில்லை. முதலாளியிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். என் வேலைக்குப் பயந்து பேசாமல் இருந்தேன்.

இங்கே, அந்தப் பெரும்பனியன்று, பதினொரு மணிபோல டிகிஸ்ட் வந்து சேர்ந்தாள். புருவமெல்லாம் பனி. பஸ் பாதி வழியில் நின்றுவிட்டதாம். மிச்சத் தூரத்தை நடந்திருக்கிறாள். வீட்டுக்குப் போகச் சொல்லும்படி டோனி எனக்குக் கைகாட்டினார். எனக்கு வந்த ஆங்கிலத்தில் அவரிடமே சொன்னேன்: "ரோட் ஆப்சென்ட். ஷீ நொட் ஆப்சென்ட்."

பிழையாகப் பேசுகிறேன் என்று நினைத்து டோனி சிரித்தார். நான் சிரிக்காமல் அதையே திரும்பச் சொன்னேன். அவர் யன்னலால் வெளியே பார்த்தார். பிறகு அவளுடைய சப்பாத்துகளைப் பார்த்தார். கடைசியில் அவளுடைய வரவுக் கார்ட்டை வாங்கித் தானே மெஷினில் குத்தினார். காலைச் சம்பளம் கிடைக்கவில்லை. ஆனால் வேலை மிஞ்சியது. அன்று பஸ்ஸால் வர முடியாமல் போன எவருக்கும் நோ ஷோ போட வேண்டாம் என்றும் சொன்னார். டிகிஸ்ட் தன் மொழியில் எனக்கு ஏதோ சொன்னாள். விளங்கவில்லை. தலையாட்டினேன்.

மெற்றில்டா இப்போது பிள்ளைகளோடு மடுக் கோயிலடியில் அகதியாக இருப்பதாக அக்கா எழுதியிருந்தாள். அந்தக் கிழமையே அவளுக்கு ஒரு கடிதம் எழுதினேன். 'அண்டைக்கு நான் பேசாமல் இருந்தது பிழை' என்ற ஒரு வரிக்கு மூன்று தாள் கிழிந்தது. உறையின் பின்பக்கத்தில் அனுப்புபவர் விலாசமாக, கைப்பழக்கத்தில், மன்னார் வீட்டு விலாசத்தை எழுதிவிட்டேன். கவனித்தபோது அதை வெட்ட மனம் வராமல், கீழே ஸ்காபரோ விலாசத்தையும் எழுதினேன்.

தபால் கந்தோரில் இருந்த பெண் உறையைத் திருப்பிப் பார்த்தாள். கடிதம் போய்ச் சேராவிட்டால் இந்த இரண்டில் எங்கே திரும்பி வரவேண்டும் என்று கேட்டாள்.

பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. நான் ஸ்காபரோ விலாசத்தைத் தொட்டுக் காட்டினேன்; மன்னார் விலாசத்தை அப்படியே விட்டேன்.