கயிற்றின் கடைசி ஆள்

மட்டாஞ்சேரிப் பகுதி கார்ப்பரேஷன் துப்புரவு ஆட்களின் வடம்வலி அணியில், அதாவது கயிறு இழுக்கும் அணியில், பதினொரு வருடமாகக் கடைசி ஆள் இசக்கிமுத்துதான். கயிற்று நுனியை உடம்பில் சுற்றிக்கொண்டு அவர் குதிகாலை ஊன்றினால் எருமையைக் கட்டிப்போட்டதுபோல் இருக்கும் என்பார்கள். அந்தப் பேச்சுக்காகவே மனுஷன் உயிரோடு இருந்தார் என்றாலும் தப்பில்லை. இரண்டாயிரத்து மூன்றில் அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. இந்த ஓணத்தோடு இடம் போய்விடுமோ என்ற பயம் பிடித்துக்கொண்டது.

ஜிம் வைத்திருந்த ஜிதின் ஒரு டின் சத்துப்பொடியைக் கொடுத்தான். டின்மேல் கழுத்தே இல்லாத ஒருவனின் படம். பாலில் இரண்டு கரண்டி கலக்கிக் குடித்தால் சேட்டனுக்கு இருபது வயதுப் பலம் வரும் என்றான். நம் ஆள் நான்கு கரண்டி கலக்கினார்.

மனைவி சந்தனமாரி விடவில்லை. டாக்டர் அனந்தநாராயணனிடம் இழுத்துப் போனாள். ரத்தத்தில் கிரியாட்டினின் கூடியிருந்தது.

"பொடியாலயா, கிட்னியே கெட்டுப்போச்சான்னு இப்பச் சொல்ல முடியாது. நிறுத்திட்டு ஒரு மாசம் கழிச்சுப் பார்ப்போம். உங்களுக்குப் பிரஷர் வேற இருக்கு," என்றார் டாக்டர்.

இசக்கிமுத்து வழியெல்லாம் யோசித்தார். கிட்னி இரண்டு இருக்கிறது, கடைசி இடம் ஒன்றுதான். டின்னைத் தள்ளுவண்டி ஷெட்டில் ஒளித்துவைத்துக் குடித்தார்.

ஓணப் போட்டியன்று மிளகுக் கிடங்கின் பெரிய தராசு மைதானத்துக்கு வந்தது. ஏழு பேரும் சேர்ந்து நானூற்றைம்பத்தைந்து கிலோவைத் தாண்டக்கூடாது. முள் நானூற்றைம்பத்தெட்டில் நின்றது. பனியனைக் கழற்றினார்கள். ஒருவர் வெற்றிலையைத் துப்பினார். முள் மசியவில்லை. எல்லோரும் இசக்கிமுத்துவின் வயிற்றைப் பார்த்தார்கள். பலம் வந்ததோ என்னவோ, ஐந்து கிலோ வந்திருந்தது. வருடாவருடம் அதே தராசில் ஏறியவருக்கு இது மட்டும் தோன்றவேயில்லை.

"அண்ணே, நீங்க இறங்கிக்கணும்," என்றான் கேப்டன் சேவியர்.

அவருக்குப் பதிலாக, அணியில் உபரி ஆளாக இருந்த ஒல்லி ராமர் ஏறினான். சாயாவிலும் கப்பைக் கிழங்கிலும் வளர்ந்த உடம்பு. அணி ஜெயித்து வாழைக்குலை வாங்கியது. இசக்கிமுத்து கைதட்டினார்; உள்ளே வயிறு எரிந்தது.

மறுநாள் ராமர் வந்தான். "வயசு நாப்பத்தெட்டாச்சு அண்ணே, அடுத்த கொல்லம் ஓணத்துக்கு உடம்பு தாங்குமோ என்னமோ. டின்னுல மிச்சம் உண்டோ?"

அரை டின் இருந்தது. கொடுத்தால் போதும், அடுத்த ஓணத்தில் தராசே இவனை இறக்கிவிடும். இசக்கிமுத்துவின் மனம் துள்ளியது. ஆனால் ராமரும் தன்னோடு வரிசையில் நின்று பிரஷர் மாத்திரை வாங்குகிறவன்.

"வேண்டாம்டா. எனக்கே ரத்தத்துல காட்டிருச்சு," என்று சொல்லி, அவன் கண்ணெதிரிலேயே பொடியைக் காயலில் கொட்டினார்.

ஒரு மாதத்தில் கிரியாட்டினின் இறங்கியது, தொப்பையும் இறங்கியது. ராமர் மட்டும் நம்பவில்லை. அண்ணன் பொறாமையில் கொட்டினார் என்று ஊரெல்லாம் சொன்னான்.

அடுத்த ஓணத்தில் முள் நானூற்றைம்பத்தொன்பதில் நின்றது. எல்லோரும் ராமரின் வயிற்றைப் பார்த்தார்கள்; ராமர் ஜிதினைப் பார்த்தான். அவன் இடத்தில் ஏற இசக்கிமுத்து சட்டையைக் கழற்றிக்கொண்டே, முதலில் அவனை டாக்டரிடம் கூட்டிப்போகச் சொல்லி, வேடிக்கை பார்க்க வந்திருந்த சந்தனமாரியை அனுப்பினார்.