இடுப்பளவு மருதாணி வேலி

போன வாரம் கும்மிடிப்பூண்டி ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணின் கையில் பச்சை மருதாணி வாசனை. வீட்டில் அரைத்ததுதான். கூம்பில் அடைத்து விற்பதற்கு இந்த வாசனை வராது, உங்களுக்கே தெரியும். நான் போய்க்கொண்டிருந்ததும் ஒரு மருதாணி விஷயமாகத்தான்.

அங்கே ஓர் இரும்பாலைக் காலனியின் ஆபீசில் இளவயதில் எனக்கு முதல் வேலை. நடுவில் வட்டமாகப் பூங்கா, அதைச் சுற்றி வளைந்த தெருக்கள், ஓட்டு வீடுகள். காலனியைக் கட்டியவர்கள் போட்ட விதி ஒன்றுதான்: வீட்டுக்கு வீடு சுவர் கூடாது, இடுப்பளவு மருதாணி வேலிதான். சனிக்கிழமைதோறும் மரக்கோலோடு போய் வேலியின் உயரத்தை அளப்பேன். பெரிய கலெக்டர் என்று நினைப்பு. போன வீட்டிலெல்லாம் காபி கொடுப்பார்கள். மதியத்துக்குள் வயிறு கடமுடா என்றாகிவிடும். வேலிக்கு மேலேயே குழம்புக் கிண்ணம் கைமாறும், சண்டையும் நடக்கும். ஆடி மாதம் வந்தால் பெண்கள் எந்த வீட்டு வேலி என்று பார்க்காமல் இலையை உருவிக்கொண்டு போவார்கள். அந்த மாதம் மட்டும் நான் கோலை எடுப்பதில்லை.

கடைசி வீட்டு பத்மாக்கா ஒருநாள் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா சார், மாடு உள்ள பூந்து கத்திரிச் செடியெல்லாம் துன்னுட்டுப் போவுது. ஒரு செவுரு எழுப்பிக்கினா இன்னா ஆயிடும்?"

காலனியிலேயே அவர் போடும் காபிதான் நன்றாக இருக்கும். 'தற்காலிகமாக' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அடுத்த வாரமே பக்கத்து வீட்டுக்காரர் வந்து நின்றார். "அவங்களுக்குக் குட்தீங்களே சார், நாங்க இன்னா பாவம் பண்ணோம்?" அவருக்கும் கொடுத்தேன். பிறகு நிறுத்த முடியவில்லை.

இப்போது ஆலை மூடிவிட்டது. காலனியை இடிக்கக்கூடாது, பாதுகாக்க வேண்டிய இடங்களின் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று பழைய ஆட்கள் மனுப் போட்டோம். வேலியைப் பற்றித்தான் அதில் பக்கம் பக்கமாக எழுதியிருந்தோம். நான் ரயிலில் போன அன்று பார்வையிட வந்த பெண் அதிகாரி தெருத்தெருவாக நடந்தார்.

"வேலி எங்க சார்? எல்லாமே சுவராத்தானே இருக்கு?" பழைய கோப்பைப் புரட்டினார். "முதல்ல யார் சார் இதுக்கு பர்மிஷன் குடுத்தது?"

"நான்தாம்மா."

அவர் கோப்பை மூடினார். பட்டியலில் சேர்க்க முடியாது என்று நேற்றுக் கடிதம் வந்தது. பொங்கல் கழித்து இடிப்பார்களாம். வெட்கமாக இருக்கிறது. சுவர்கள் வருவதற்கு முன் வாசலில் நின்றபடியே பத்தாவது வீட்டுக்கு யார் வந்திருக்கிறார்கள் என்று பார்த்துவிடக்கூடிய தெரு அது. இடிக்க வருகிறவர்களுக்கு அங்கே பாதி வேலைதான் இருக்கும். மீதியை நான் எப்போதோ கையெழுத்துப் போட்டு முடித்துவிட்டேன்.