அரைப்படிக்கு அளவான டேங்க்

முக்குளிக்கும்போது முதுகில் கட்டும் இரட்டைக் காற்று டேங்குக்கு எங்கள் பட்டறையில் ‘மாமியார்’ என்று பெயர். முதுகில் ஏறி உட்கார்ந்தால் இறங்கவே மாட்டாள். நானும் என் ஓரகத்தியும் இதைச் சொல்லிச் சிரிக்கும்போதெல்லாம் வீட்டிலிருக்கும் நிஜ மாமியாருக்குப் புரை ஏறியிருக்கும். ஓரகத்தி, அதாவது என் கொழுந்தனின் மனைவி, குள்ளம். பட்டறையில் எல்லாருக்கும் அவள் ‘அரைப்படி’. மின் நிலையத்துக்குக் கடல்தண்ணீர் இழுக்கும் குழாய்களில் சிப்பி அடைத்துக்கொள்ளும். உள்ளே நீந்திப் போய்ச் சுரண்டி எடுப்பது அவள் வேலை. டேங்கில் காற்று அடைப்பதும், கரையில் அவள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் என் வேலை. கொழுந்தன் இதே வேலையில் முதுகு ஒடிந்து படுத்த பிறகு, வீட்டில் உலை கொதிப்பது அவள் மூச்சில்தான்.

குழாய்க்குள் ஒற்றை டேங்கோடு போகக் கூடாது. இரட்டை இருந்தால், ஒரு பக்கம் காற்று பிய்த்துக்கொண்டு போனாலும், பிடரிக்குப் பின்னால் கையை விட்டு அந்தப் பக்கத்து வால்வை மூடிவிட்டு மறுபக்கத்தில் மூச்சு இழுக்கலாம். கைக்கு எட்டாத வால்வு இருந்தென்ன, இல்லாமல் போனாலென்ன?

ஆண்கள் மாட்டும் பெரிய இரும்பு டேங்கை மாட்டினால் அவளால் பெஞ்சிலிருந்து எழ முடியாது. ஒருநாள் மல்லாக்க விழுந்து, புரட்டிப் போட்ட ஆமை மாதிரி கையைக் காலை உதைத்தாள். முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் அவரே போய் அலுமினிய டேங்க் வாங்கி வந்தார்.

“பொம்பளைக்கு லேசா இருக்கணும்ல? ஒத்தக் கையில தூக்கிப் பாரு!”

தூக்கிப் பார்த்து வாங்க இதென்ன கத்தரிக்காயா? கரையில் நின்று வாங்குகிறவர்கள் எல்லாரும் செய்கிற தப்பு இது.

“கரையிலதான் சார் லேசு,” என்றாள் அவள். “தண்ணிக்குள்ள காத்து தீரத் தீர அடிப்பக்கம் மிதந்து வாலைத் தூக்கும். நீளமும் ஜாஸ்தி. ஏத்திக் கட்டினா தலையில இடிக்குது, இறக்கிக் கட்டினா வால்வு எட்டல. எனக்குக் குட்டை இரும்பு போதும்.”

“அதுல காத்து பத்தாதே.”

“ஆம்பளைங்க குடிக்கிற அளவுக்கு நான் காத்து குடிக்கிறதில்ல சார்.”

“முடிஞ்சா போ. இல்லன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்.”

வேறு ஆளாவது, மண்ணாவது! கொழுந்தன் படுத்த பிறகு அந்த ஒடுக்கக் குழாய்க்குள் நுழைகிற உடம்பு அவள் ஒருத்திக்குத்தான். அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனால் வீட்டில் படுத்துக் கிடப்பவனை நினைத்தால் எதிர்த்துப் பேச வாய் வருமா? அலுமினியத்தையே மாட்டிக்கொண்டு போனாள்.

பாதி வேலையில் குழாய் வாசலில் தண்ணீர் கொதிக்கிற மாதிரி குமிழ் பொங்கியது. எங்கேயோ காற்று பிய்த்துக்கொண்டுவிட்டது. கயிற்றைச் சுண்டினேன். பதில் சுண்டல் வரவில்லை.

“இழு, இழு!” என்று முதலாளி கத்தினார்.

“இழுத்தா இன்னும் மாட்டிக்குவா! சும்மா இருங்க!” என்றேன். முதலாளியை அதட்டுகிறோமே என்ற நினைப்பே எனக்கு வரவில்லை.

சட்டென்று குமிழ் நின்றது. வால்வை மூடிவிட்டாளா, காற்றே தீர்ந்துவிட்டதா? கரையிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். பாவி, ஒரே ஒரு தடவை மூச்சு விடேன் என்று வாய்விட்டுக் கெஞ்சினேன். கொஞ்சம் பொறுத்துச் சின்னதாய் நாலு குமிழ் வந்தது. பிறகு கயிறு சுண்டியது. நான் அழுதுவிட்டேன்.

மேலே வந்தபோது டேங்க் முதுகில் கோணலாகத் தொங்கியது.

“வால் தூக்கி என்னைக் குழாய்க் கூரையோட அப்பிடுச்சுக்கா. வால்வு விரல் நுனியில படுது, திருப்ப முடியல. புரளவும் இடமில்ல. பெல்ட்டை அவுத்து, டேங்க் அடியை இடது கையால தலைப்பக்கம் தள்ளினேன். அப்பறந்தான் பிடி கிடைச்சுது.”

அன்றைக்கு நான் முதலாளியைப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. குட்டை இரும்பு டேங்க் இரண்டு வந்து சேர்ந்தன.

அவள் மாட்டிக்கொண்டு, யார் கையையும் பிடிக்காமல் பெஞ்சிலிருந்து எழுந்தாள். பிடரிக்குப் பின்னால் கை போனது. வால்வை மூடினாள், திறந்தாள், மறுபடியும் மூடினாள். புது வளையல் போட்ட குழந்தை மாதிரி முகமெல்லாம் பல்.

“கச்சிதமா இருக்கு சார்! குனிஞ்சாலும் வளைஞ்சாலும் இடிக்கவே இல்ல!”

முதலாளி அவளைச் சுற்றி வந்தார். டேங்கின் நீளத்தைச் சாணால் அளந்தார்.

“வளைஞ்சாலும் இடிக்கலையா? அப்ப மின் நிலையத்துல அடைச்சுக் கிடக்கிற அந்த வளைவுக் குழாய்க்குள்ளயும் போயிடலாமே! நீள டேங்க் திரும்பாதுன்னுதான் இத்தனை வருஷமா யாரையும் விடல.”

போனை எடுத்துக்கொண்டு, யாரிடமோ “ஆள் இருக்கு, ஆள் இருக்கு” என்று சொல்லியபடியே வெளியே போனார்.

அவள் டேங்கோடு பெஞ்சில் உட்கார்ந்தாள். பெல்ட்டை அவிழ்க்கப் போனேன். வேண்டாம் என்று தலையாட்டினாள்.

“கச்சிதமா இருக்குன்னு நான் ஏன்க்கா வாயைத் திறந்தேன்?”